பனி சுமந்தோரின் கணக்கு

ஹித்தீன் யுத்தம் பற்றி நமது எழுத்தாளர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். மேடைகளில் பேசப்பட்டது அதனிலும் அதிகம். 1187ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் திகதி போர் முடிந்த பின்னர் ஸுல்தான் ஸலாஹுத்தீன் ஐயூபியின் கூடாரத்திலே நடந்த கோப்பைச் சம்பவம் பலருக்கும் மனப்பாடம். தோற்றுக் களைத்து, தாகத்தால் நாவரண்டு நின்ற ஜெரூசலத்துச் சிலுவை அரசன் லூசிஞானுக்கு ஸுல்தான் குளிர்ந்த ஜுலாப் பானத்தைக் கொடுக்கிறார். அவன் குடித்துவிட்டு மிகுதியைப் பக்கத்திலிருந்த ரெனால்டிடம் நீட்டுகிறான். அறபு நூல்கள் அர்னாத் என எழுதும் இந்த ரெனால்ட், சமாதான உடன்படிக்கை நடப்பிலிருந்த காலத்தில் வணிகக் கூட்டத்தைக் கொள்ளையடித்தவன். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் செங்கடலிலே கப்பல் விட்டு ஹிஜாஸையே அச்சுறுத்தியவன். கைதியொருவன் தன்னைச் சிறைப்பிடித்தவனின் உணவையோ நீரையோ வாங்கி உட்கொண்டுவிட்டால் அவனது உயிருக்கு அபயம் என்பது அறபிகளின் வழக்கம். ஆகவேதான் ஸுல்தான் மொழிபெயர்ப்பாளனைப் பார்த்து, இவனுக்குப் பானம் கொடுத்தது அரசனேயன்றித் தானல்ல என்பதை அறிவிக்கும்படி கூறினார். அடுத்து ரெனால்டின் தலை வீழ்ந்தது. ஸுல்தானோடு நெருங்கிப் பழகிய பஹாஉத்தீன் இப்னு ஷத்தாத் இதனைப் பதிவுசெய்திருக்கிறார்.

இந்தச் சம்பவத்திலே நீதியைக் கண்டவர்கள் உண்டு. பழிவாங்கலைக் கண்டவர்கள் உண்டு. நான் வெகுகாலமாக யோசித்து வந்தது இவற்றையல்ல. அது ஜூலை மாதம். திபேரியாஸ் ஏரிக்கு மேலேயுள்ள மேட்டுநிலம். காய்ந்த புல்லுக்குத் தீமூட்டி எதிரியைப் புகையால் வாட்டிய களம். அந்தக் களத்தின் நடுவே, ஒரு கோப்பையைக் குளிரச் செய்யுமளவு பனி எங்கிருந்து வந்தது? வந்த பனி ஏன் வழியிலேயே உருகி ஓடிவிடவில்லை?

வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஸுல்தானைப் பார்ப்பார்கள், ரெனால்டைப் பார்ப்பார்கள். பனியைச் சுமந்து வந்தவனைப் பார்ப்பதில்லை. அவனுக்கு ஒரு கணக்குத் தெரிந்திருந்தது. எவ்வளவு எடுத்தால் எவ்வளவு போய்ச் சேரும் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கைத்தான் இக்கட்டுரையில் பின்தொடர விரும்புகிறேன்.

ஷாம் தேசத்துக்குப் பனி புதியதல்ல. லெபனான் மலைத்தொடரிலும், அறபிகள் ஜபலுஷ் ஷைக் என்றழைக்கும் ஹேர்மன் மலையிலும் குளிர்காலத்திற் பெய்யும் பனி கோடை வரையும் பள்ளங்களிலே தங்கும். ஹேர்மனின் உயரம் 2,814 மீற்றர். நமது பீதுருதாலகால 2,524 மீற்றர்தான் என்பதையும், அதன் உச்சியில் நாம் பனிக்கட்டி மூட்டை கட்டப் போவதில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தால், உயரத்தோடு அகலாங்கும் சேர்ந்தே பனியைத் தீர்மானிக்கிறது என்பது புரியும். மலையிலிருந்து பனியை வெட்டி, அமுக்கி இறுக்கி, வைக்கோலிலும் துணியிலும் பொதிந்து, இரவிலே பிரயாணம் செய்து கொண்டுவருவது அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த தொழில்.

அந்தத் தொழிலின் மிக நீண்ட பயணங்களில் ஒன்றை தபரி குறிப்பிடுகிறார். ஹிஜ்ரி 160இல், அதாவது கி.பி. 777இல், அப்பாஸியக் கலீபா அல்மஹ்தி ஹஜ்ஜுக்குச் சென்றபோது முஹம்மத் இப்னு ஸுலைமான் என்பவர் அவருக்காக மக்கா வரையும் பனி கொண்டு சேர்த்தார். மக்காவுக்குப் பனி கொண்டு செல்லப்பட்ட முதலாவது கலீபா இவரே என்றும் தபரி எழுதிவைத்தார். ஒரு வரிச் செய்திதான். ஆனால் பாலைவனத்தின் குறுக்கே ஒட்டக வேகத்திலே பனி போய்ச் சேர்ந்திருக்கிறது என்றால், அந்த ஒரு வரிக்குள் எத்தனை மனிதரின் இரவுகள் கரைந்திருக்கும்!

மம்லூக்குகளின் காலத்தில் இது ஓர் அரச இலாகாவாகவே வளர்ந்தது. திமிஷ்கிலிருந்து பெய்ரூத், ஸைதா துறைகளுக்குப் பனியை இறக்கி, அங்கிருந்து கப்பலில் திம்யாத்துக்கும், பின்னர் நைல் நதி வழியாக கெய்ரோவின் பூலாக் துறைக்கும், அங்கிருந்து கோவேறு கழுதைகளில் கோட்டைக்கும் கொண்டு போனார்கள். பிற்பாடு தரைவழியே ஒட்டகச் சாவடிகளும் அமைந்தன. சாவடிக்குச் சாவடி களைத்த ஒட்டகம் மாறும், பனி நிற்காது. அல்உமரியும் அல்கல்கஷந்தியும் இந்த ஏற்பாட்டை விவரிப்பது தபால் சேவையை விவரிப்பது போலவே இருக்கிறது. பனிக்குத் தாமதம்தான் எதிரி என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

இவ்விடத்தில் பனியின் இயல்பைச் சற்று விளக்கியாக வேண்டும். இலக்கியச் சஞ்சிகையில் பௌதிகவியலா என்று முகம் சுளிப்போர் இரண்டு பந்திகளுக்குப் பொறுத்தருள்க.

பனிக்கட்டி உருகுவதற்கு வெப்பம் வேண்டும் என்பது யாவருக்கும் தெரியும். எவ்வளவு வேண்டும் என்பதை முதலில் அளந்து சொன்னவர் ஸ்கொட்லாந்தின் ஜோசப் பிளாக். 1761ஆம் ஆண்டளவில் கிளாஸ்கோவில் இதனை ஆராய்ந்தார். அவரது வாதம் எளிமையானது. 0 பாகைக்கு வந்துவிட்ட பனி, மேலும் சொற்ப வெப்பம் பட்டவுடன் முழுதாக நீராகிவிடும் என்றால், வசந்தகாலத்தில் மலைப்பனி அனைத்தும் ஒரேயடியாக உருகி ஊர்களை வெள்ளம் அள்ளிக்கொண்டு போயிருக்கும். அப்படி நடப்பதில்லை. ஆகவே, வெப்பமானியில் தோன்றாத ஒரு பெரும் வெப்பத்தைப் பனி உள்வாங்குகிறது. அதுவே மறைவெப்பம். 0 பாகையிலுள்ள ஒரு கிராம் பனிக்கட்டியை 0 பாகையிலேயே நீராக்க ஏறத்தாழ 80 கலோரி வேண்டும். அந்த ஒரு கிராம் நீரைப் பின்னர் 80 பாகை வரை சூடாக்கவும் அதே 80 கலோரி போதும். தேநீர்ச் சூட்டுக்குக் கொண்டுவருவதும் உருக்குவதும் பனியைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட ஒரே செலவு! மக்காவுக்குப் பனி போய்ச் சேர்ந்ததன் முதல் இரகசியம் இதுதான்.

இரண்டாவது இரகசியம் பருமன். வெப்பம் மேற்பரப்பின் வழியாகவே உட்புகும். ஒரு மீற்றர் கனச்சதுரமான பனிக்கட்டியின் மேற்பரப்பு 6 சதுர மீற்றர். அதனைப் பத்துச் சென்ரிமீற்றர்த் துண்டுகளாக உடைத்தால் 1,000 துண்டுகள் கிடைக்கும். அவற்றின் மொத்த மேற்பரப்பு 60 சதுர மீற்றர். பனியின் நிறை ஒன்றுதான், வெப்பம் நுழையும் வாசலோ பத்து மடங்கு. ஆகவேதான் தூளான பனியை அமுக்கிக் கட்டியாக்கினார்கள். கட்டிகளை இடைவெளியின்றி அடுக்கினார்கள். அடுக்கிய குவியல் பெரிதாகப் பெரிதாக அதில் உருகிப்போகும் வீதம் குறையும். ஒரு கூடைப் பனியை மக்காவுக்குக் கொண்டுபோக முடியாது. நூறு ஒட்டகப் பனியில் ஒரு பகுதியைக் கொண்டுபோகலாம். கலீபாக்களுக்கு மட்டும் அது கைகூடியதன் காரணமும் அதுவே.

பொதிவது மூன்றாவது. நோன்பு காலத்தில் அஸருக்குப் பின்னர் ஐஸ் வாங்கிவர அனுப்பப்பட்ட சிறுவர்களில் நானும் ஒருவன். கடைக்காரர் மரத்தூளைக் கிளறி ஐஸ் கட்டியை வெளியே எடுத்து, வாளால் அறுத்துத் தருவார். சாக்கிலே சுற்றித்தான் வாங்கிவர வேண்டும் என்பது உம்மாவின் கட்டளை. சாக்குச் சுற்றினால் சூடாகி உருகிவிடுமே என்று நான் தர்க்கம் பண்ணுவேன். கம்பளி மனிதனுக்குச் சூட்டைத் தருகிறது என்ற எண்ணத்தின் விளைவு அந்தத் தர்க்கம். கம்பளி எதையும் தருவதில்லை, இருப்பதைக் காக்கிறது. உள்ளிருப்பது உடம்பானால் சூட்டை வெளியே விடாது, ஐஸானால் சூட்டை உள்ளே விடாது. மரத்தூள், உமி, வைக்கோல், சாக்கு எல்லாமே தமக்குள் அசையாத வளியைச் சிறைவைத்துக்கொண்டிருப்பவை. வளி வெப்பத்தை மிக மந்தமாகவே கடத்தும். நீர் அதனைப்போல் இருபத்தைந்து மடங்கு வேகமாகக் கடத்தும். ஆகவே மரத்தூள் நனைந்துவிட்டால் அதன் காவல் போய்விடுகிறது. உருகிய நீர் வடிந்தோட வழியிருக்கவேண்டும். இந்த வடிகால் விடயத்தை யார் சரியாகச் செய்தார்கள் என்பதைக்கொண்டே பனி சேமித்தவர்களின் திறமையை நான் அளக்கிறேன்.

அந்த அளவுகோலின்படி ஈரானியர்கள் மேதைகள். பாரசீகத்தின் யக்சால்கள் பற்றிப் படங்கள் மூலமாவது நம்மிற் பலர் அறிந்திருப்பர். யக் என்றால் பனிக்கட்டி, சால் என்றால் குழி. கூம்பு வடிவில் படிப்படியாக எழும் மண் கோபுரம். அதனடியில் ஆழமான குழி. குழியின் அடியில் உருகிய நீர் வடிந்திறங்க வழி. மைபோத், அபர்கூஹ், கிர்மான் ஆகிய இடங்களில் இவை இன்றும் நிற்கின்றன. அடிச்சுவர் இரண்டு மீற்றர் வரை தடித்தது. களிமண், மணல், சுண்ணாம்பு, சாம்பல், ஆட்டுமயிர், முட்டை வெண்கரு முதலியவை சேர்ந்த ஸாரூஜ் என்ற சாந்தினால் பூசுவார்கள். அது நீரையும் விடாது, வெப்பத்தையும் எளிதில் விடாது.

இதனிலும் வியப்பு, அந்தப் பனி மலையிலிருந்து மட்டும் வந்ததல்ல என்பது. கிழக்கு மேற்காக ஓர் உயர்ந்த மதிலை எழுப்பி, அதன் வடபுற நிழலிலே ஆழமற்ற தடாகங்களை வெட்டி, குளிர்கால இரவுகளில் நீரைப் பாய்ச்சி உறையவிட்டார்கள். பகலிலே மதிலின் நிழல் சூரியனை மறைக்கும். இரவிலே தெளிந்த ஆகாயம் நீரின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும். 17ஆம் நூற்றாண்டில் இஸ்பஹானில் வாழ்ந்த பிரெஞ்சு வணிகர் ஷார்டின் இதனை விவரித்து எழுதினார். இன்றைய பாரசீகத்தில் மின்சாரக் குளிர்சாதனப் பெட்டிக்கும் யக்சால் என்றுதான் பெயர். அறபிகளும் பனியைக் குறிக்கும் ஸல்ஜ் என்ற சொல்லிலிருந்து ஸல்லாஜா என்று அதற்குப் பெயரிட்டார்கள். நாம் மட்டும் ‘பிரிட்ஜ்’ என்று சொல்லிவிட்டு, எழுதும்போது குளிர்சாதனப் பெட்டி என்று நீட்டி முழக்குகிறோம்.

ஆகாயம் வெப்பத்தைக் கவரும் என்றேன். இதற்கு அலஹாபாத் நல்ல சான்று. கிழக்கிந்தியக் கம்பனியின் தளபதியாக இருந்த சேர் ரொபட் பார்க்கர் 1775இல் லண்டன் றோயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். குளங்களிலோ நீர்நிலைகளிலோ இயற்கையாகப் பனி உறைவதைத் தாம் ஒருநாளும் காணாத அந்தப் பிரதேசத்தில், உள்ளூர் மக்கள் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பனிக்கட்டி விளைவிப்பதை அதில் விவரித்திருந்தார். திறந்த வெளியில் இரண்டடி ஆழக் குழி தோண்டி, அடியில் காய்ந்த கரும்புத் தட்டையையோ சோளத் தட்டையையோ பரப்பி, அதன்மேல் மெருகிடாத சிறு மண்சட்டிகளை நெருக்கமாக அடுக்குவார்கள். அந்தியில் காய்ச்சி ஆறவைத்த நீரை அவற்றில் ஊற்றுவார்கள். சூரியோதயத்துக்கு முன் வந்து பனித்தகட்டைச் சேகரிப்பார்கள். சேர்ந்ததை வைக்கோலும் முரட்டுக் கம்பளியும் பொதிந்த ஆழக் குழியில் போட்டு, இடித்து இறுக்கி, கோடைவரை காப்பார்கள். கீழேயுள்ள தட்டை மண்ணின் வெப்பத்தைத் தடுக்கும். மேலேயுள்ள திறந்த வானம் சட்டி நீரின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். முகில் இருந்தாலும் காற்று அடித்தாலும் அன்றைய அறுவடை இல்லை.

ஐரோப்பிய அறிஞர்கள் இதற்குச் சரியான விளக்கம் தேடிப் பல வருடங்கள் சிரமப்பட்டார்கள். 1814இல் வில்லியம் சார்ள்ஸ் வெல்ஸ் என்ற வைத்தியர் பனித்துளி பற்றி எழுதிய நூலில்தான் கதிர்வீசல் மூலம் வெப்பம் இழக்கப்படுவது என்ற விளக்கம் தெளிவாக வந்தது. வங்காளத்துப் பனிச்சட்டிகளும் அவரது ஆராய்ச்சிக்குப் பொருளாயின. புல்நுனியில் நீர் கோப்பதும் சட்டியில் நீர் உறைவதும் ஒரே காரியத்தின் இரு முகங்கள் என்றார் அவர். தமிழிலே இரண்டுக்கும் பனி என்ற ஒரே சொல்தான் என்பது எனக்கு எப்போதும் ஒரு சிறிய மகிழ்ச்சி.

அக்பர் பாதுஷாவின் அரண்மனையில் வேறொரு வித்தை நடந்தது. அபுல் பஸ்லின் ஆயினே அக்பரி அதனை அளவுகளோடு தருகிறது. ஒரு சேர் நீரை உலோகக் கூஜாவில் இட்டு வாயை மூடவேண்டும். வேறொரு பாத்திரத்தில் ஐந்து சேர் நீரும் இரண்டரைச் சேர் வெடியுப்பும் போட்டு, அதற்குள் கூஜாவைக் கால் மணிநேரம் சுழற்றவேண்டும். கூஜா நீர் குளிர்ந்துவிடும். வெடியுப்பு நீரிற் கரையும்போது சூழலிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. துப்பாக்கி மருந்துக்கு உரிய சரக்கு சர்பத்துக்கும் உதவியிருக்கிறது! இதுவும் அக்பர் காலத்துக் கண்டுபிடிப்பன்று. 13ஆம் நூற்றாண்டிலே திமிஷ்கின் வைத்தியர் இப்னு அபீ உஸைபிஆ, வைத்தியர்களின் சரித்திரம் கூறும் தமது நூலில் வெடியுப்பால் நீரைக் குளிர்விக்கும் முறையைப் பதிந்திருக்கிறார்.

1586இல் அக்பரின் அவை பஞ்சாபுக்குப் பெயர்ந்த பின்னர் வெடியுப்பின் இடத்தை மலைப்பனி பிடித்துக்கொண்டது. வடமலையிலிருந்து லாகூருக்குப் படகிலும் வண்டியிலும் ஆட்சுமையிலும் பனி வந்தது. வண்டிகளுக்குக் கட்டம் கட்டமாகக் குதிரைகள் மாறின. கொண்டுவரும் வழிக்கும் காலத்துக்கும் தக்கதாக விலை மாறியது. கோடையிலே எல்லாத் தரத்தினரும் பனி பாவித்தனர், பிரபுக்கள் வருடம் முழுவதும் பாவித்தனர் என்கிறார் அபுல் பஸ்ல். அவர் தரும் விலைவாசிக்குள் மறைந்திருப்பது உருகலின் கணக்கு. வழியில் உருகிப்போனதற்கும் சேர்த்துத்தான் வாங்குபவன் பணம் கொடுத்தான்.

இவ்வளவும் நடந்து முடிந்த ஒரு கண்டத்துக்கு, பனிக்கட்டியையே அமெரிக்கர்தான் அறிமுகம் செய்தார்கள் என்ற தொனியில் எழுதப்படும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்குச் சினம் வருவதுண்டு. பொஸ்டன் நகரத்து பிரெட்ரிக் டியூடரின் சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. 1806இல், தமது இருபத்திரண்டாவது வயதில், குளத்துப் பனியை வெட்டிக் கப்பலேற்றி மார்ட்டினிக் தீவுக்குக் கொண்டுபோனார். ஏறத்தாழ 130 தொன். ஊர் சிரித்தது. கொண்டுபோனதை இறக்கி வைக்க அங்கே களஞ்சியம் இருக்கவில்லை, கப்பலிலிருந்தபடியே விற்கவேண்டியதாயிற்று. பெரு நட்டம். பின்னர் கடனுக்காகச் சிறையும் சென்றார். ஆனால் மனிதர் விடவில்லை. 1816இல் ஹவானாவில் இரட்டைச் சுவர்கொண்ட களஞ்சியம் கட்டினார். வைக்கோலா, மரத்தூளா எது நல்லது என்று உருகிவடியும் நீரை அளந்து அளந்து பார்த்தார். மரத்தூளே வென்றது. மெயின் மாநிலத்து மரவாலைகளில் அது வேண்டாத குப்பையாகக் குவிந்து கிடந்தது. 1825இல் அவரது கூட்டாளி நதானியேல் வையத் குதிரை இழுக்கும் பனிக்கலப்பையைச் செய்தார். அதனால் கட்டிகள் ஒரே அளவாகச் சதுரமாக வந்தன. கோணல்மாணலான துண்டுகளுக்கிடையே வளி புகுந்து சுழலும். சதுரக் கட்டிகளை அடுக்கினால் இடைவெளியே இராது. ஐஸ் வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தியது இந்தச் சதுரம்தான் என்பேன்.

அந்தப் பனியைக் குடித்தவர் யார் என்பதையும் கேட்கவேண்டும். மார்ட்டினிக் கரும்புத் தோட்டங்களில் 1848 வரையும், கியூபாவில் 1886 வரையும் அடிமை முறை இருந்தது. டியூடரின் ஆரம்பகால வாடிக்கையாளர்கள் இந்தத் தோட்டங்களால் கொழுத்த நகரங்களின் செல்வர்கள். வெயிலில் கரும்பு வெட்டியவனின் கைக்கு அந்தக் கட்டி எட்டியிருக்காது.

1833 மே மாதம் டஸ்கனி என்ற கப்பல் 180 தொன் ஐஸுடன் பொஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். பூமத்திய ரேகையை இருமுறை கடக்கவேண்டும். செப்டெம்பரில் போய்ச் சேர்ந்தபோது சுமார் 100 தொன் எஞ்சியிருந்தது. 80 தொன் வழியிற் போனது தோல்வியல்ல, அதுதான் வெற்றி. அந்த 80 தொன் தன்னை உருக்கிக்கொண்டு உறிஞ்சிய வெப்பத்தால்தான் மற்ற 100 தொன் பிழைத்தது. கல்கத்தா ஆங்கிலேயர் பரவசமடைந்தனர். சுங்க வரியும் நீக்கப்பட்டது. விரைவில் பம்பாயிலும் மதராஸிலும் ஐஸ் களஞ்சியங்கள் எழுந்தன. உள்ளூர்ப் பனிச்சட்டிக்காரர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. அமெரிக்க எழுத்தாளர் தோரோ, தாம் வசித்த வோல்டன் குளத்தில் தொழிலாளர் பனி வெட்டுவதைக் கண்டு, மதராஸிலும் கல்கத்தாவிலும் இருப்போர் தமது கிணற்று நீரைக் குடிக்கப்போகிறார்கள் என்ற கருத்தில் 1854இல் வெளிவந்த தமது நூலில் எழுதினார். அழகான கற்பனைதான். மதராஸில் அதனைக் குடித்த இந்தியர் எத்தனை பேர் என்பது தோரோவுக்குத் தோன்றவில்லை.

மதராஸ் ஐஸ் ஹவுஸ் 1842இல் கட்டப்பட்டது. திருவல்லிக்கேணிக் கடற்கரையிலே, கப்பலில் வந்த கட்டிகளை உடனே உள்ளே தள்ள வசதியாகக் கடலுக்கு அண்மித்து நிற்கிறது அந்த வட்டக் கட்டடம். ஆனால் கடலோரம் பனிக்கட்டிக்கு உகந்த இடமல்ல. அதன் காரணம் சூடு மட்டுமல்ல, ஈரப்பதனும்தான். குளிர்ந்த கண்ணாடிக் கோப்பையின் வெளிப்புறம் வியர்ப்பதைக் காண்கிறோமே, அது வளியிலுள்ள நீராவி ஒடுங்குவது. ஒரு கிராம் நீராவி ஒடுங்கும்போது அது வெளிவிடும் வெப்பம் ஏழு கிராம் ஐஸை உருக்கப் போதுமானது. வியர்க்கும் ஐஸ் வேகமாகக் கரையும் ஐஸ். ஒரே சூடுள்ள இரு ஊர்களில், காய்ந்த ஊரில் கட்டி நீடிக்கும். கொழும்பிலும் கல்முனையிலும் நீடிக்காது. காற்றும் அவ்வாறே. மின்விசிறிக்குக் கீழே வைத்தால் ஐஸ் குளிர்ந்து நிற்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். விசிறி மனிதனைக் குளிர்விப்பது வியர்வையை ஆவியாக்குவதால். ஐஸுக்கோ அது புதுப்புது வெப்பவளியைக் கொண்டுவந்து ஊட்டுகிறது.

யந்திரம் வந்ததும் கப்பல் ஐஸின் காலம் முடிந்தது. 1874இல் மதராஸிலும் 1878இல் கல்கத்தாவிலும் ஐஸ் ஆலைக் கம்பனிகள் தோன்றின. மதராஸ் களஞ்சியம் கைமாறி வீடாயிற்று. 1897இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963இல் அவரது பெயரே அதற்கு இடப்பட்டது. ஆயினும் அந்தப் பகுதியை இன்றும் மக்கள் ஐஸ் ஹவுஸ் என்றே சொல்கிறார்கள். கொழும்பு இவ்விடயத்தில் பின்தங்கியிருக்கவில்லை. கொழும்பு ஐஸ் கொம்பனி 1866இலேயே தொடங்கிவிட்டது. பிற்பாடு சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் ஆகி, கொம்பனித்தெருவில் யானைச் சின்னத்தோடு ஐஸ்கிறீமும் சோடாவும் செய்து, மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் நாவை ஆண்டது அதுதான்.

ஐஸ்கிறீம் என்றதும் ஒரு முரணைச் சொல்லவேண்டும். யந்திரத்துக்கு முன்னர் ஐஸ்கிறீம் செய்ய, ஐஸை வேகமாக உருக்கினார்கள்! வாளியில் உடைத்த ஐஸும் உப்பும் போட்டு நடுவே பால் கலத்தைச் சுழற்றினார்கள். உப்பு ஐஸை உருகச் செய்கிறது. உருகுவதற்கு வேண்டிய வெப்பம் அந்தக் கலவையிலிருந்தும் பாலிலிருந்தும் பறிபோகிறது. சரியான அளவில் உப்பிருந்தால் 0 பாகைக்குக் கீழே 21 பாகை வரை இறங்கும். வெளியே ஐஸ் கரையக் கரைய உள்ளே பால் உறையும்.

உறைந்த பின் அது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது உள்ளேயிருக்கும் சரக்கைப் பொறுத்தது. சீனி கூடினால் சீக்கிரம் இளகும். நுரைத்த வளி உள்ளே நிறைந்திருந்தால் மெதுவாக இளகும். மரத்தூளின் அதே தத்துவம். நம்மூர் ஐஸ்பழம் வெறும் நீரும் சீனியும் சாயமும் ஆகையால் சட்டை நனைவதற்கு முன்னர் உறிஞ்சி முடிக்கவேண்டியதாயிற்று. குல்பி வேறு இனம். பாலைச் சுண்டக் காய்ச்சுவதால் அதில் நீர் குறைவு, கெட்டி அதிகம். துருக்கியின் மராஷ் நகரத்துத் தொன்துர்மாவோ கத்தியால் வெட்டிச் சாப்பிடத்தக்கது. காட்டு ஓர்க்கிட் கிழங்கின் மாவான ஸஹ்லபும் மஸ்தகிப் பிசினும் அதற்குள் நீரைக் கட்டிப்போடுகின்றன. திமிஷ்கின் ஹமீதிய்யா சூக்கிலே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வரும் பக்தாஷ் கடையில், அதே சரக்குகளை மரவுலக்கையால் இடித்து இடித்துப் பூஸா செய்கிறார்கள். அந்த ஓர்க்கிட் வகைகள் அருகிவருவதால் துருக்கி அவற்றின் மாவை ஏற்றுமதி செய்யத் தடை விதித்திருக்கிறது. உருகாத இனிப்புக்கு மலைச்சரிவுப் பூக்கள் விலையாகின்றன.

பேருவளை மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒருமுறை விடியற்காலையில் போயிருந்தேன். பலநாட் படகொன்றுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீண்ட கட்டிகளை யந்திரத்தில் நொறுக்கி, பலகணி வழியாகப் படகின் வயிற்றுக்குள் கொட்டினார்கள். ஒரு பகுதியை மட்டும் நொறுக்காமல் கட்டியாகவே அடுக்கினார்கள். ஏன் இப்படி என்று அங்கிருந்த மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன். “நொறுக்கினது மீனுக்கு, தம்பி. கட்டி நாளைக்கு” என்றார்.

மேற்பரப்புக் கணக்கு முழுவதும் அந்தப் பதிலில் இருந்தது. ஐஸ் குளிர்விப்பது உருகும்போது மாத்திரம். உருகாமல் கிடக்கும் கட்டி மீனுக்கு எதுவும் செய்வதில்லை. ஆகவே மீனைச் சுற்றி வேகமாக உருகும் தூள் வேண்டும். பத்துப் பதினைந்து நாள் தள்ளிப் பிடிபடும் மீனுக்காக மெதுவாக உருகும் கட்டியும் வேண்டும். நம்மைப்போன்ற வெப்ப நாடுகளில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பது பொதுவான அறிவுரை. ஐஸுக்கும் எரிபொருளுக்கும் கடன்பட்டே படகு புறப்படுகிறது. 2022இல் மின்வெட்டும் டீசல் வரிசையும் ஒன்றாக வந்தபோது ஐஸ் ஆலைகள் நின்று நின்று ஓடின. கடலுக்குப் போன படகுகளும் குறைந்தன. கரைக்கு வந்த மீனை அன்றே வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். கையில் ஐஸ் இருந்த முதலாளியால் மாத்திரம் மறுநாள் சந்தை வரை பொறுக்க முடிந்தது.

அந்த மூத்தவர் படகின் அடியிலுள்ள வடிகாலைக் குனிந்து பார்த்தார். அது அடைபட்டிருந்தது. ஒரு பையனைக் கூப்பிட்டுக் கம்பியால் குத்திவிடச் சொன்னார்.